ஈயம் இறங்கிய தெருக்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் யாரோ மராமத்து வேலைக்காகக் கொட்டி வைத்திருந்த மண்குவியலில் என் மகள் கொட்டாங்கச்சியை வைத்து இட்லி சுட்டுக்கொண்டிருந்தாள். இட்லி ரெடியானதும் கையை நக்கினாள். நான் ஓடிப்போய்க் கையைத் தட்டிவிட்டேன். அம்மா சிரித்தார்.

"மண்ணு தின்னாம வளந்த புள்ள ஏதுப்பா? நீயே எவ்ளோ தின்ன, தெரியுமா?"

"எங்கம்மா தின்னேன்?"

"வேற எங்க, மாம்பலத்துல பழைய வீட்டு வாசல்லதான். உஸ்மான் ரோட்டுல போற வண்டிய எண்ணிக்கிட்டே தின்னுவ."

எனக்கு அப்போது இரண்டு வயது. அதாவது 1982. அம்மா விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. 1982-ல் தி.நகரின் ஒரு மெயின் ரோட்டை ஒட்டிய மண்ணில் என்னவெல்லாம் இருந்திருக்கும்? அந்த மண் இப்போது எங்கே? இன்றைக்கு அதே இடத்தில் விளையாடும் குழந்தை எதை நக்குகிறது? வேலையில் நாள் முழுக்க டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிறவன் நான். இந்தக் கேள்விகளுக்கு ஒரு மேப் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. க்யூஜிஐஎஸ் இலவசம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இலவசம், ஞாயிற்றுக்கிழமைகளும் இலவசம்.

அந்த மேப் என்ன ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரை. முதலில் கொஞ்சம் அடிப்படை.

எந்த ஈயம்?

நாம் பேச்சில் ஈயம் என்று சொல்வது இரண்டு உலோகங்களை. ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். அதாவது டின். அது உண்மையான வெள்ளீயமாக இருந்தால் பயமில்லை. நான் இங்கே பேசுவது காரீயம் பற்றி. பேட்டரியில், பழைய பெயிண்டில், அச்செழுத்தில், ஒரு காலத்துப் பெட்ரோலில் இருந்த லெட்.

காரீயத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மண்ணில் விழுந்தால் அது மக்காது, ஆவியாகாது, மழையில் எளிதில் கரைந்து கீழே இறங்கவும் செய்யாது. யாரும் தோண்டாவிட்டால் மேல் மண்ணிலேயே பல தலைமுறைக்கு உட்கார்ந்திருக்கும். குழந்தை தொடுவதும் அதே மேல் மண்ணைத்தான். தவழும், கையை வாயில் வைக்கும். வயிற்றுக்குள் போன ஈயத்தில் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும் பங்கு, பெரியவர்களைப் போல நான்கைந்து மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடலில் இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக இருந்தால் இன்னும் அதிகமாக உறிஞ்சும். போய்ச் சேருமிடம் வளர்கிற மூளை.

பாதுகாப்பான அளவு எது என்ற கதையைப் பாருங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1991-ல், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 10 மைக்ரோகிராம் வந்தால் கவலைப்படு என்றது. 2012-ல் அதை 5 ஆக்கியது. 2021-ல் 3.5. இறங்கிக்கொண்டே வருகிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் எண்ணே கிடையாது என்பதுதான் இன்றைய நிலை.

பெட்ரோலில் ஏன் ஈயம்?

1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்க்லி என்ற எஞ்சினியர், டெட்ரா எத்தில் லெட்டைக் கொஞ்சம் சேர்த்தால் எஞ்சின் தட்டுவது நின்றுவிடுகிறது என்று கண்டுபிடித்தார். மலிவான தீர்வு. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. சேர்த்த ஈயம் எரிந்து காணாமல் போகாது. புகையோடு தூளாக வெளியே வந்து, பெரும்பகுதி சாலையை ஒட்டியே இறங்கும். மிக நுண்ணிய தூள் மட்டும் தூரம் போகும்.

இந்தியாவில் சாதாரண பெட்ரோலில் 1990-களின் தொடக்கம் வரை லிட்டருக்கு 0.56 கிராம் ஈயம் அனுமதி. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த நெருக்கடிக்குப் பிறகு, 1994-ல் நான்கு பெருநகரங்களில் அது 0.15 ஆகக் குறைந்தது. 1995 ஏப்ரல் 1 முதல் அதே நகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது, அதுவும் புதிய கார்களை மனதில் வைத்து. நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரி 1-ல். உலகத்தில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல். சாலை வாகனங்களைப் பொறுத்தவரை ஒரு நூற்றாண்டுக் கதை முடிந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அனுமானம்தான். ஒரு ஆட்டோ தினம் 5 லிட்டர் போடுகிறது, வருஷத்தில் 300 நாள் ஓடுகிறது என்று வையுங்கள். 5 × 0.56 × 300 = 840 கிராம். கொஞ்சம் எஞ்சினிலும் சைலன்சரிலும் தங்கும். மீதி தெருவுக்கு. சரி, வருஷத்துக்கு அரைக் கிலோ என்றே கொள்வோம். குழந்தைகள் விளையாடும் மண்ணில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்பது அமெரிக்கா வெகுகாலம் வைத்திருந்த எச்சரிக்கை எல்லை. 2024 ஜனவரியில் அதை 200 ஆகக் குறைத்தார்கள். அரைக் கிலோ ஈயம் இருந்தால் ஒன்றேகால் டன் மண்ணை 400-க்குக் கொண்டுபோகலாம், இரண்டரை டன் மண்ணை 200-க்கு. ஒரே ஆட்டோ, ஒரே வருஷம். எல்லாம் ஒரே இடத்தில் இறங்காது என்பது உண்மைதான். ஆனால் ஓடியது ஒரே ஆட்டோ இல்லையே.

ரத்தம் சொன்னது

1990-களின் கடைசியில் பெங்களூரின் ஜார்ஜ் ஃபவுண்டேஷன், சென்னை உட்பட ஏழு நகரங்களில் ரத்தப் பரிசோதனை நடத்தியது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தார்கள். அந்த வேலையை முன்னின்று செய்த மருத்துவப் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷை 'லெட் மேன்' என்றே அழைப்பார்கள்.

அது ஈயப் பெட்ரோல் காலம், சரி. அதற்குப் பிறகு? 2009-ல் சென்னைக் குழந்தைகளைப் பற்றி ஒரு முக்கியமான ஆய்வுக் கட்டுரை வெளியானது. போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. 3 முதல் 7 வயது வரையான 756 குழந்தைகள். சராசரி 11.4 மைக்ரோகிராம். கவனியுங்கள், சராசரியே அன்றைய எச்சரிக்கை அளவைத் தாண்டியிருந்தது. ஈயம் கூடிய குழந்தைகளுக்குப் பதற்றம், கவனச்சிதறல், மற்றவர்களோடு பழகுவதில் சிக்கல் ஆகியவற்றில் ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பெண்ணும் கூடியிருந்தது.

எனக்கு இதில் உறுத்தியது ஒன்று. இவர்கள் பெட்ரோலில் ஈயம் நின்ற காலத்துக் குழந்தைகள். பிறகு எங்கிருந்து வந்தது? பெயிண்ட், பேட்டரி, பாத்திரம், கலப்பட மசாலா என்று சந்தேகிக்கப் பல இருக்கின்றன. அவற்றோடு, ஏற்கெனவே மண்ணில் இறங்கிவிட்டதையும் சேர்த்தே ஆகவேண்டும். குழாயை மூடிவிட்டோம், தொட்டியைக் காலி செய்யவில்லை.

2020-ல் யுனிசெஃப்பும் ப்யூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது. அதில் 27 கோடிக்கு மேல் இந்தியாவில்.

மேப்பில் கண்டுபிடித்த மனிதர்

தமிழ்நாட்டில் மண் மாசு என்றதும் நமக்கு நினைவு வருவது கொடைக்கானல். 2001-ல் அங்கிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு வெளிச்சத்துக்கு வந்தது. பிறகு பல வருஷம், மண்ணை எவ்வளவு சுத்தம் செய்தால் போதும் என்ற எண்ணை வைத்தே சண்டை நடந்தது. ஆனால் அங்கே ஒரு கேட் இருந்தது, ஒரு காம்பவுண்டு சுவர் இருந்தது, கேள்வி கேட்க ஒரு கம்பெனி இருந்தது. பெட்ரோல் ஈயத்துக்குச் சுவர் இல்லை. அது ஊர் முழுக்க, எல்லோருடைய சைலன்சரிலிருந்தும் விழுந்தது. அப்படிப்பட்டதை மேப்பில் மட்டும்தான் பார்க்க முடியும்.

அதைப் பார்த்தவர் ஹோவர்ட் மீல்கி. 1970-களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் வீட்டுத் தோட்டங்களிலிருந்து மண் எடுத்து அளந்தார். அன்றைக்கு எல்லோரும் நம்பியது, குழந்தைகளின் ஈயம் பழைய வீடுகளின் பெயிண்டிலிருந்துதான் வருகிறது என்று. மீல்கியின் மேப்பில் ஈயம் கூடிய தோட்டங்கள் எல்லாம் நகரின் நடுவே கொத்தாக இருந்தன. அங்கே இருந்ததோ பெரும்பாலும் பெயிண்ட் அடிக்காத செங்கல் கட்டடங்கள்! பெயிண்ட் மட்டும் காரணமாக இருக்க முடியாது. நடுநகரில் அதிகமாக இருந்தது வண்டிப் போக்குவரத்து. 1983-ல் கட்டுரை வெளியானது.

1854-ல் லண்டன் பிராட் ஸ்ட்ரீட்டில் காலரா சாவுகளையும் தண்ணீர் பம்புகளையும் ஒரே தாளில் குறித்த ஜான் ஸ்னோவின் வழிதான் இதுவும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லேயர். ஜிஐஎஸ் என்று இன்றைக்கு நாம் பெரிதாகச் சொல்வதன் உயிர் அதில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

பிறகு மீல்கி நியூ ஆர்லியன்ஸ் போனார். சென்சஸ் வட்டம் வட்டமாக, ஊர் முழுக்க மேல் 2.5 சென்டிமீட்டர் மண்ணை மட்டும் சுரண்டி எடுத்தார்கள். ஏன் மேல் மண் மட்டும்? குழந்தையின் கை அவ்வளவுதானே போகும்! ஒவ்வொரு வட்டத்திலும் வீட்டுச் சுவரை ஒட்டி, வீட்டுத் தெருவின் ஓரம், போக்குவரத்து மிகுந்த சாலையின் ஓரம், திறந்தவெளி என்று நான்கு வகை இடங்கள். மண் மேப்பையும் குழந்தைகளின் ரத்த மேப்பையும் மேலே மேலே வைத்தால் இரண்டும் பொருந்தின. 2005-ல் கத்ரினா புயல் வெள்ளம் வந்தது. பிறகு மறுபடி அளந்தார்கள். 2019-ல் வெளியான கணக்கு: சுமார் 15 வருஷத்தில் மண்ணின் இடைநிலை அளவு கிலோவுக்கு 99 மில்லிகிராமிலிருந்து 54 ஆக இறங்கியது. குழந்தைகளின் ரத்த ஈயமும் கூடவே இறங்கியது. மண் சுத்தமானால் ரத்தமும் சுத்தமாகிறது. நல்ல செய்தி.

என் மேப்பும் என் தப்புகளும்

இதையெல்லாம் படித்துவிட்டு உற்சாகமாக உட்கார்ந்தேன். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூன்றையும் எடுத்துக்கொண்டேன். நான் மண்ணை அளக்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'அளப்பதென்றால் முதலில் எங்கே அளக்க வேண்டும்' என்று சொல்லும் மேப்தான் என் இலக்கு. ஒவ்வொரு இடத்துக்கும் மார்க் போட்டு, கூடினால் சிவப்பு, குறைந்தால் பச்சை.

முதல் தப்பு: தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கு அதிக மார்க் போட்டேன். அவ்வளவு பஸ், அவ்வளவு புகை. மேப்பில் அது ரத்தச் சிவப்பாக நின்றது. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது, அன்றைக்கு பஸ் ஓடியது டீசலில். டெட்ரா எத்தில் லெட் சேர்த்தது பெட்ரோலில் மட்டும். நம் கண்ணை எரித்த கறுப்புப் புகையில் வேறு கேடுகள் இருந்தன, அந்த ஈயம் இல்லை. ஈயத்தைத் தெளித்தது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத கார்ப் புகையும், ஸ்கூட்டரும், ஆட்டோவும். 1980-களில் கார் வைத்திருந்தவர்கள் எந்தத் தெருவில் இருந்தார்கள்? மாசு என்றால் வடசென்னை என்று சொல்லிப் பழகிய நாக்கு நமக்கு. எண்ணூரும் மணலியும் சுமந்த சுமை வேறு வகை. இந்தக் குறிப்பிட்ட ஈயத்தைத் தேட வேண்டுமென்றால் லஸ் கார்னரிலும் பாண்டி பஜாரிலும் அடையாறு சிக்னலிலும்தான் ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டாவது தப்பு: பழைய வீடுகளுக்கு அதிக மார்க். அமெரிக்க மேப்களில் அப்படித்தான் செய்கிறார்கள். 1978-ல் அங்கே வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்தார்கள், அதனால் அதற்கு முந்தைய வீடு என்றாலே எச்சரிக்கை. நான் அதை அப்படியே காப்பி பேஸ்ட் செய்தேன். மயிலாப்பூர் மாடவீதிகள் முழுக்கச் சிவந்துபோயின. பிறகு ஒரு நாள் மாலை தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தபோது பார்த்தேன். மிச்சமிருக்கும் பழைய வீடுகளின் சுவர் எல்லாம் சுண்ணாம்பு! எனாமல் பெயிண்ட் இருந்தால் கதவிலும் ஜன்னல் கம்பியிலும் மட்டும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் கட்டிப்போட்ட விதி வந்தது 2016-ல், அமலுக்கு வந்தது 2017 நவம்பரில். ஆக, சுண்ணாம்பு அடித்த 1930-ம் வருஷ வீட்டைவிட, 2005-ல் கட்டி கேட்டுக்கும் கிரில்லுக்கும் பளபளவென்று மஞ்சள் எனாமல் அடித்த அபார்ட்மெண்ட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கேட்டைச் சுரண்டி மறுபெயிண்ட் அடிக்கும்போது உதிரும் செதில் எங்கே விழுகிறது? கீழே, பிள்ளைகள் விளையாடும் இடத்தில்.

மூன்றாவது தப்புதான் பெரியது. குழந்தைகளின் லேயர். வார்டு வாரியாக 0 முதல் 6 வயது வரையான குழந்தைகளின் எண்ணிக்கை சென்சஸில் கிடைக்கிறது. ஆனால் 2011 சென்சஸ் எடுத்தபோது சென்னை மாநகராட்சிக்கு 155 வார்டு. அதே வருஷக் கடைசியில் 200 ஆனது. எல்லைகளும் மாறின. பழைய எண்ணைப் புது எல்லைக்குள் பங்கு பிரித்துப் பொருத்துவதிலேயே மூன்று வாரம் போனது. பொருத்தி முடித்துத் திருப்தியாகப் பார்த்தபோது மனைவி கேட்டாள்: "இதுல இருக்கிற குழந்தைங்களுக்கு இப்போ என்ன வயசு?"

அவ்வளவுதான். 2021 சென்சஸ் அந்த வருஷம் நடக்கவில்லை. என் மேப்பில் தவழ்ந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் மீசை முளைத்து பைக் கேட்கிற வயசு.

வார்டு கணக்கை ஓரமாக வைத்துவிட்டு அங்கன்வாடிகளையும் பால்வாடிகளையும் புள்ளிகளாகக் குறிக்க ஆரம்பித்தேன். மேப்பே மாறிவிட்டது. தெருத்தெருவாகப் பரவியிருந்த சிவப்பு சுருங்கிச் சின்னச் சின்னப் புள்ளிகளாகியது. மெயின் ரோட்டை ஒட்டி, திறந்த மண்தரை உள்ள, சின்னப் பிள்ளைகள் நாள் முழுக்க இருக்கும் இடங்கள். அபார்ட்மெண்ட் குழந்தைக்கு டைல்ஸ் தரை. பிளாட்பாரத்தில் குடும்பம் நடத்துகிறவர்களின் குழந்தைக்குச் சாலையோர மண்தான் தொட்டில், தட்டு, பொம்மை எல்லாம். ஒரே தெரு, ஒரே ஈயம். காரில் போனவர் தெளித்தது யார் கையில் ஒட்டுகிறது என்பதைக் குழந்தைகளின் லேயர் இல்லாமல் பார்க்கவே முடியாது.

புத்தகத்தின் கடைசிப் பக்கம்

பெட்ரோலுக்கு முன்பே ஈயம் இருந்த இடங்களும் உண்டு. அச்சகங்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஒரு ஈயத்துண்டு. காரீயமும் ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலந்த உலோகம். தேய்ந்த எழுத்தை உருக்கி மறுபடி வார்ப்பார்கள். மயிலாப்பூர், ராயப்பேட்டை, திருவல்லிக்கேணி, மவுண்ட் ரோடு என்று தெருவுக்குத் தெரு அச்சகம். அவற்றின் விலாசத்துக்கு எங்கே போவது?

பழைய புத்தகங்களுக்குத்தான்! அச்சகத்தின் பெயரையும் ஊர்ப் பகுதியையும் அச்சிடுவது வழக்கம். 'மெட்ராஸ் லா ஜர்னல் பிரஸ், மயிலாப்பூர்' என்ற வரியைப் பழைய புத்தகம் புரட்டுகிற எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் ஒரு நாள் முழுக்கப் புத்தகத்தின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு, முதல் பக்கத்தின் பின்புறத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டுமே குறிப்பெடுத்தேன். ஓர் இடத்தில் அச்சகம் இருந்தது என்பதற்காக அங்கே மண் கெட்டுப்போயிற்று என்று சொல்லவே முடியாது. 'இங்கேயும் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள்' என்று மட்டும் சொல்லலாம். ஆனால் எனக்கு அதில் பிடிபட்டது வேறு. மண் மாசு மேப் என்பது உண்மையில் ஒரு வரலாற்று மேப். இன்றைக்கு அங்கே என்ன கடை இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டில்லை. முன்னால் யார் இருந்தார்கள், என்ன உருக்கினார்கள், என்ன எரித்தார்கள் என்பதுதான் கேள்வி.

அந்த வரலாறும் இப்போது கலைந்துகொண்டிருக்கிறது. மெட்ரோவுக்காகப் பனகல் பார்க்கிலும் லஸ் பக்கமும் அடையாறிலும் தோண்டியிருக்கிறார்கள். பூங்காக்களுக்கு லாரியில் செம்மண் வருகிறது. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கிக் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வண்டலை விட்டுச் சென்றது. நான் மண் தின்ற அந்த வாசலில் இன்று கான்கிரீட். அந்த மண் வேறு யார் வீட்டு அஸ்திவாரத்திலோ இருக்கும். பேப்பரில் மட்டும் பார்த்துச் சொல்ல இதில் ஒரு எல்லை உண்டு. கையில் மண்ணை எடுத்து அளந்தே ஆகவேண்டும்.

மேப்பை வெளியிடலாமா?

முடித்ததும் வலைப்பதிவில் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். சிவப்புப் புள்ளிகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பல புள்ளிகள் ஆற்றோரக் குடியிருப்புகளிலும் சாலையோரக் குடிசைகளிலும் விழுந்திருந்தன. கை நின்றுவிட்டது.

நம் ஊரில் 'இந்த இடம் ஆபத்து' என்று ஒரு மேப் சொன்னால் அடுத்து என்ன நடக்கும்? 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அதற்கு முன்பே கண்ணகி நகர் இருந்தது. வேலை ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம், வீடு நகரத்தின் விளிம்பில். ஆற்றோரம் ஆபத்தில்லை என்று நான் சொல்லவில்லை. ஆபத்து என்ற சொல் யாரை நகர்த்தப் பயன்படுகிறது என்பதைத்தான் யோசிக்கிறேன். அளக்காத, வெறும் அனுமானத்தில் போட்ட என் சிவப்புப் புள்ளி, நாளைக்கு யாருடைய வீட்டையோ காலி செய்யச் சொல்லும் காகிதத்தில் ஒட்டிக்கொண்டால்?

நார்வே இதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். அங்கே புவியியல் ஆய்வுத்துறையின் ரோல்ஃப் டோரே ஓட்டேசன் போன்றவர்கள் நகரங்களின் மண்ணை மேப் போட்டார்கள். அரசு அதை வைத்து மழலையர் காப்பகங்களையும் விளையாட்டுத் திடல்களையும் முதலில் எடுத்துக்கொண்டது. ஓஸ்லோவில் சுமார் 700 காப்பகங்களைச் சோதித்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மண்ணைச் சீர்செய்ய வேண்டியிருந்தது. ஈயம் மட்டுமில்லை, மக்காமலிருக்க மரத்தில் ஏற்றிய மருந்திலிருந்து வந்த ஆர்சனிக்கும் இருந்தது. செய்தார்கள். காப்பகம் அதே இடத்தில், குழந்தை அதே இடத்தில், மண் மட்டும் புதிது.

நியூ ஆர்லியன்ஸிலும் மீல்கி குழு காப்பகங்களின் விளையாட்டிடத்தில் ஒரு துணி விரிப்பைப் போட்டு, மேலே மிசிசிப்பி ஆற்றின் சுத்தமான வண்டலைப் பரப்பியது. சுமார் அரை அடி மண். ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றுமில்லை.

நகர்வது மண்ணா, குழந்தையா? ஒரு மேப் நல்ல மேப்பா இல்லையா என்பதை இதை வைத்துத்தான் சொல்ல முடியும் என்று இப்போது நினைக்கிறேன். அதனால் புள்ளிகள் உள்ள மேப்பை நான் இங்கே போடவில்லை. எப்படிச் செய்தேன் என்பதையும், எங்கெல்லாம் தப்பினேன் என்பதையும் முழுக்க எழுதிவிட்டேன். யாராவது கல்லூரி மாணவர்கள் மண்ணை முறையாக அளக்க முன்வந்தால் கோப்புகளைத் தரத் தயார். ஒரே நிபந்தனை, தொடக்கம் அங்கன்வாடி முற்றங்களாக இருக்க வேண்டும். அங்கே அளவு கூடியிருந்தால் ஒரு லோடு நல்ல மண்ணும் கொஞ்சம் புல்லும் போதும், யார் வீட்டையும் இடிக்க வேண்டாம்.

கிண்டி பொறியியல் கல்லூரியின் தொடக்கம் 1794-ல் சென்னையில் ஆரம்பித்த ஒரு சர்வே பள்ளி. 1802-ல் லாம்டன் இந்தியாவை அளக்க முதல் கோட்டைப் போட்டது பரங்கிமலைப் பக்கம். நாட்டையே அளந்த ஊர் இது. குழந்தை விளையாடும் ஒரு முற்றத்தை அளக்க முடியாதா என்ன?

அதுவரை

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. சாப்பிடும் முன் பிள்ளைகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தூசியைப் பெருக்கிக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பழைய கேட்டைச் சுரண்டும் நாளில் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், செதில்களைக் கூட்டி அள்ளிவிடுங்கள். வெறும் மண்தரை இருந்தால் புல்லோ செடியோ வையுங்கள். கீரை, முட்டை, பால். வயிறும் சத்தும் நிறைந்த குழந்தை ஈயத்தைக் குறைவாகவே உறிஞ்சும். அந்த வகையில் அங்கன்வாடி முட்டையும் சத்துணவும், யாரும் திட்டமிடாமலே, ஈயத்துக்கு எதிரான ஒரு காவலும் ஆகின்றன. மண்ணில் விளையாடவே கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வெளிய போயிட்டு வந்தா கால் கழுவிட்டு உள்ள வான்னு நான் கத்துனப்ப நீ என்னிக்காவது கேட்டியா?"

கேட்டதில்லை. இப்போது என் மகளிடம் நான் கத்திக்கொண்டிருக்கிறேன்.